சாட்சிக்குப் பிறகு நிறுத்திய மாத்திரை

முதலில் கம்பிதான் இரண்டாகத் தெரிந்தது.

கந்தர்வக்கோட்டையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். ஆழ்குழாய்க் கிணற்றுக்குள் இறக்கிய மோட்டார் எரிந்துபோனால் என்னிடம் கொண்டுவருவார்கள். கருகிய காயிலை உருவிப் போட்டுவிட்டு, புதுத் தாமிரக் கம்பியை ஒவ்வொரு ஸ்லாட்டாகக் (கம்பி உட்காரும் பள்ளம்) கோத்துக் கையாலேயே சுற்ற வேண்டும். எத்தனை சுற்று என்பதில் பிசகினால் மோட்டார் அடுத்த வாரமே திரும்பி வந்துவிடும். அது சித்திரை மாதம். கடலைக்குத் தண்ணீர் பாய்ச்சும் நேரம் என்பதால் வாசலில் ஐந்து மோட்டார்கள் காத்துக் கிடந்தன.

மாலை நாலு மணிக்கு மேல், கையிலிருந்த ஒரு கம்பி இரண்டானது. கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். அப்போதும் இரண்டு. இடது கண்ணை மூடினேன், ஒன்று. வலது கண்ணை மூடினேன், ஒன்று. இரண்டையும் திறந்தால் இரண்டு. இருபத்தாறு வருடமாகப் பழுது பார்ப்பவனுக்குப் பயம் வருவதற்கு முன்னால் ஆராய்ச்சி வந்துவிடுகிறது. தனித்தனியாக இரண்டு கண்ணும் நன்றாக இருக்கின்றன, சேர்ந்து பார்க்கும்போதுதான் தகராறு என்று கண்டுபிடித்தேன். வீட்டுக்குப் போய் அதை என் மனைவி லில்லியிடம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

“நல்லாத்தான் கண்டுபிடிச்சிருக்கீங்க. மொதல்ல கண் டாக்டர்கிட்ட போங்க” என்றாள்.

காலையில் எழுந்தபோது எல்லாம் ஒன்றாகத் தெரிந்தது. அதனால் போகவில்லை. மாலையில் மறுபடி இரண்டு. மறுநாள் காலையில் ஒன்று. எங்கள் பக்கத்தில் பொழுது சாய்ந்தால் வோல்டேஜ் இறங்கிவிடும். எல்லா மோட்டாரும் ஒரே நேரத்தில் ஓடினால் அப்படித்தான். என் கண்ணுக்கும் அதே வியாதி வந்துவிட்டது என்று கடைக்கு வருகிறவர்களிடம் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இது வேடிக்கை இல்லை என்று முதலில் உணர்த்தியவர் முருகேசண்ணன். கடலை போட்டிருக்கும் விவசாயி, என் நெடுநாள் வாடிக்கையாளர். மோட்டாரை வாங்கிப் போக வந்தவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“என்னப்பா அருளு, ஒரு கண்ணு வேல பாக்குது, ஒரு கண்ணு தூங்குது?”

கண்ணாடியில் பார்த்தேன். இடது இமை கருவிழியில் பாதியை மூடியிருந்தது. குளிர்ந்த தண்ணீரால் முகம் கழுவியதும் மேலே ஏறியது. கால் மணி நேரத்தில் மறுபடி இறங்கியது. இதென்ன அதிசயம் என்று அன்று மட்டும் எட்டு தடவை முகம் கழுவினேன்.

பிறகு சோற்றை மெல்லும்போது தாடை அசந்தது. ஞாயிற்றுக்கிழமை சபையில் நான்தான் பாட்டை எடுத்துக் கொடுப்பேன். முந்திரித் தோப்பை ஒட்டி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சிறிய சபை எங்களுடையது. மூன்றாவது சரணத்தில் என் குரல் மூக்கு வழியாகப் போய்க் கரகரத்து நின்றது. நான் பரிசுத்த ஆவியில் உருகிவிட்டேன் என்று நினைத்து இரண்டு பேர் கண்ணீர் விட்டார்கள். லில்லி மட்டும் அழவில்லை. ஆராதனை முடிந்ததும், “நாளைக்குப் புதுக்கோட்டைக்குப் போறோம். கடைய பூட்டுங்க” என்றாள்.

கண் மருத்துவர் பார்த்துவிட்டு நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பினார். நடுத்தர வயதுப் பெண். அவசரமே இல்லாதவர். எதிர்ச் சுவரின் உச்சியைப் பார்க்கச் சொன்னார். ஒரு நிமிடத்துக்குள் என் இடது இமை தானாக இறங்கியது. ஒரு ரப்பர் கையுறைக்குள் ஐஸ் கட்டிகளைப் போட்டு முடிச்சிட்டு, மூடிய இமைமேல் இரண்டு நிமிடம் வைத்தார். எடுத்ததும் கண் முழுதாகத் திறந்துகொண்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டில் குழாயடியில் நான் செய்ததைத்தான் அவர் மேசையில் செய்தார்.

பிறகு, “நல்லா மூச்ச இழுத்துட்டு, ஒரே மூச்சுல எவ்வளவு எண்ண முடியுதோ எண்ணுங்க” என்றார். எண்ணுவது என் தொழில். முப்பத்தெட்டு வரை போனேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

ரத்தப் பரிசோதனையும் நெஞ்சு ஸ்கேனும் முடிந்து நோய்க்குப் பெயர் வந்தது: மயஸ்தீனியா கிராவிஸ் (நரம்பு அனுப்பும் கட்டளையைத் தசை சரியாக வாங்கிக்கொள்ள முடியாமல் சீக்கிரம் சோர்ந்துவிடும் நோய்). நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தை உடம்பின் சொந்த எதிர்ப்பொருட்களே (கிருமியை எதிர்க்க ரத்தத்தில் உருவாகும் பொருட்கள்) தாக்குகின்றன என்று விளக்கினார்.

“அதாவது மேடம், லைன்ல கரென்ட் இருக்கு. மோட்டாரும் நல்லாருக்கு. நடுவுல ஸ்டார்ட்டர்ல கான்டாக்ட் தீஞ்சு போச்சு.”

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “இனிமே எல்லா பேஷண்டுக்கும் இப்படியே சொல்லிடறேன்” என்றார்.

பிரிடோஸ்டிக்மின் (நரம்பின் கட்டளை தசையில் கொஞ்ச நேரம் கூடுதலாகத் தங்க உதவும் மாத்திரை), அதோடு ஸ்டீராய்டு (எதிர்ப்பொருட்களின் வேகத்தை அடக்கும் மருந்து). முதல் மாத்திரையைப் போட்டுவிட்டுக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்தேன். முப்பத்தைந்தாவது நிமிடத்தில் இமை ஏறத் தொடங்கியது. எந்த மோட்டாருக்கு எத்தனை சுற்று என்று எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் அதை எழுதிவைத்தேன். மாத்திரை வேலை தொடங்கும் நேரம், தேயும் நேரம், வெயிலில் எப்படி, நிழலில் எப்படி என்று பக்கம் பக்கமாக எழுதினேன். ஒரு மாத்திரைக்கு ஏறக்குறைய நாலு மணி நேர ஆயுள். என் உடம்பு எனக்கு இவ்வளவு சுவாரசியமாக அதற்குமுன் இருந்ததே இல்லை.

கிளம்பும்போது மருத்துவர் சொன்ன ஒன்றை மட்டும் நான் நோட்டில் எழுதவில்லை. “முழுங்க முடியல, மூச்சு வாங்குதுன்னா வீட்ல ஒரு நிமிஷம்கூட இருக்காதீங்க. மாத்திரைய நீங்களா கூட்டவோ கொறைக்கவோ கூடாது.”

இனி என் தவறைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் சபையில் பாட்டு முடிந்ததும் சாட்சி (கடவுள் செய்த நன்மையை எல்லார் முன்னும் எழுந்து சொல்வது) உண்டு. பரீட்சை, பிரசவம், வெளிநாட்டு விசா என்று எதற்காக ஜெபித்தார்களோ அது கிடைத்தவர்கள் முன்னால் வந்து சொல்வார்கள். எனக்காகப் பெண்கள் மூன்று வெள்ளிக்கிழமை உபவாசமிருந்து ஜெபித்தார்கள். வெறும் வயிற்றோடு முழங்காலில் நின்றவர்களுக்கு நான் பதில் சொல்ல வேண்டாமா? பாஸ்டர் ஒருநாள் கடைக்கே வந்து, “கண்ணு நல்லா தெறந்துடுச்சே பிரதர். ஞாயித்துக்கெழம ரெண்டு வார்த்த சாட்சி சொல்லுங்க. எல்லாருக்கும் விசுவாசம் கூடும்” என்றார். அதில் சூது ஒன்றும் இல்லை. அவர் உண்மையாகவே சந்தோஷப்பட்டார்.

நான்தான் சூது செய்தேன். சாட்சி நேரம் பத்து மணி. என் நோட்டின்படி, மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான் குரல் நன்றாக இருக்கும். ஒன்பது மணிக்குச் சபைக்கு வெளியே, வண்டி நிறுத்துமிடத்தில், யாரும் பார்க்காதபோது மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். சரியாகப் பத்துக்கு எழுந்து, “கர்த்தர் எனக்கு முழு சுகம் குடுத்துட்டார்” என்றேன். இமை கம்பீரமாக நின்றது. மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூரை அதிர அல்லேலூயா எழுந்தது. ஆராதனை முடிந்ததும், சர்க்கரை நோயால் ஒரு காலின் விரல்களை இழந்த ரூபி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒங்க சாட்சியக் கேட்டதும் எனக்கும் ஒரு தைரியம் வந்துருக்கு தம்பி” என்றார்.

மறுநாள் பகல் ஒரு மணிக்குக் கடையில், லில்லி கொடுத்தனுப்பிய மாத்திரையைப் பிரித்தேன். சபையிலிருந்து ஒருவர் மின்விசிறியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். பீடியை மறைக்கும் பள்ளிக்கூடப் பையனைப் போல மாத்திரை அட்டையைப் பழைய காயிலுக்கு அடியில் தள்ளினேன். அவர் போன பிறகும் எடுக்கவில்லை. முழு சுகம் என்று சொல்லிவிட்டு மாத்திரை போட்டால் கர்த்தரைப் பொய்யராக்குவதாகாதா என்று நினைத்தேன். அதைவிட மோசமான காரணம் ஒன்றும் இருந்தது. நிறுத்தினால் என்ன ஆகிறது என்று பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது.

லில்லி வேளை தவறாமல் கையில் இரண்டு மருந்தையும் கொடுப்பாள். கடைக்குப் போய்ச் சாப்பிடுகிறேன் என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவேன். அங்கே காலி வார்னிஷ் டின்னில் விழும்.

முதல் இரண்டு நாள் ஒன்றும் ஆகவில்லை. உள்ளே தங்கியிருந்த ஸ்டீராய்டின் மிச்சம் அது என்று இப்போது தெரிகிறது. அன்று, பார்த்தாயா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்றாம் நாள் இமை இறங்கியது. நாலாம் நாள் முருகேசண்ணன் இரண்டு பேராக வந்து நின்றார். ஐந்தாம் நாள் காபி மூக்கு வழியாக வந்தது. லில்லி கேட்டபோதெல்லாம், வேலை கூடிப்போச்சு, தூக்கம் சரியில்லை என்று சமாளித்தேன். எல்லாவற்றையும் எழுதிவைக்கும் நான் இந்த நாட்களுக்கு நோட்டைத் திறக்கவே இல்லை. தெரிந்துகொள்ளும் ஆசை உள்ளவன் என்று என்னைப் பற்றி நான் நினைத்திருந்தது அரைகுறை உண்மை. பிடிக்காத விடை வரப்போகிறது என்றால் நானும் கண்ணை மூடிக்கொள்கிறவன்தான்.

ஆறாம் நாள் காலையில், பழுதுக்குக் கொடுத்திருந்த ஸ்டார்ட்டரை வாங்க முருகேசண்ணன் கடைக்கு வந்தபோது, நான் மேசையைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன். தலையை நிமிர்த்த முடியவில்லை. எச்சில் வடிந்தது. படுத்தால் மூச்சு முட்டியது. “ஸ்டார்ட்டர் கெடக்கட்டும், வா இங்கிட்டு” என்று என்னைத் தூக்கி அவருடைய லோடு வண்டியில் முன்சீட்டில் உட்கார வைத்தார். வழியில் லில்லியையும் ஏற்றிக்கொண்டார். புதுக்கோட்டை போகும்வரை அவள் என் மோவாயைத் தன் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டே வந்தாள்.

அவசரப் பிரிவில் அதே மருத்துவர். “எண்ணுங்க” என்றார். ஒன்பதில் மூச்சு தீர்ந்துவிட்டது. முகத்தில் ஆக்சிஜன் முகமூடியை மாட்டினார்கள். மருத்துவர் லில்லியிடம் திரும்பி, “மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டாரா?” என்று கேட்டார்.

“ஒரு வேளகூட விடலீங்க. நானே எடுத்துக் குடுத்தேன்” என்றாள் லில்லி. அவள் அறிந்த உண்மை அது.

மருத்துவர் நெற்றியைச் சுருக்கினார். இந்த நோயில் மாத்திரை குறைந்தாலும் மூச்சுத் தசை சோர்ந்துவிடும், அளவுக்கு மீறினாலும் சோர்ந்துவிடும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. “அப்ப மாத்திரை அதிகமாயிருச்சா? இல்ல இன்ஃபெக்ஷன் ஏதாவதா?” என்று பக்கத்திலிருந்த மருத்துவரிடம் பேசத் தொடங்கினார்.

நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும், குரல் இல்லை. குரல் இருந்திருந்தாலும் உடனே சொல்லியிருப்பேனா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. சாவு அவ்வளவு பக்கத்தில் நிற்கும்போதும் என் மனம் ரூபி அக்காவின் முகத்தை நினைத்து வெட்கப்பட்டது. இதை நம்புவது உங்களுக்குக் கடினமாக இருக்கலாம். எனக்கும் அப்படித்தான்.

கையைத் தூக்கினேன். விரல்களை எழுதுவதுபோல அசைத்தேன். நர்ஸ் ஓர் அட்டையையும் பேனாவையும் கொடுத்தார். கோணல்மாணலாக எழுதினேன்: “ஆறு நாளா சாப்பிடல. சாட்சி சொல்லிட்டேன்.”

மருத்துவர் முதல் வரியைப் படித்ததும் வேலையில் இறங்கிவிட்டார். இரண்டாவது வரி அவருக்குப் புரிந்திருக்காது. லில்லிக்குப் புரிந்தது. அவள் அந்த அட்டையைப் பிடித்தபடி, “என்கிட்டகூடவா?” என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு எனக்கு மயக்க மருந்து கொடுத்துத் தொண்டையில் குழாய் இறக்கினார்கள்.

பதினோரு நாள் வென்டிலேட்டரில் (மூச்சு விட முடியாதவருக்காக நுரையீரலுக்குள் காற்றைச் செலுத்தும் இயந்திரம்) இருந்தேன். இதற்கிடையில் பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சை (ரத்தத்தின் நீர்ப்பகுதியைப் பிரித்து எடுத்து, அதோடு கெட்ட எதிர்ப்பொருட்களை வெளியேற்றுவது) ஐந்து முறை நடந்தது. என் ரத்தம் ஒரு குழாயில் வெளியே போய் இன்னொரு குழாயில் திரும்பி வருவதை இமை திறந்த நேரங்களில் பார்த்தேன். அந்த நிலையிலும், பம்ப் எத்தனை வாட் இருக்கும் என்று யோசித்தேன்.

ஜெபிக்கத்தான் முடியவில்லை. தினமும் கடை ஷட்டரைத் தூக்கும்போது, “ஆண்டவரே, இன்னைக்குப் பெலன் தாரும்” என்று கேட்பது என் வழக்கம். இருபத்தாறு வருடம் கேட்டிருக்கிறேன். பிறகு நாள் முழுவதும் என் சொந்தக் கையால் வேலை செய்துவிட்டு, சாயங்காலம் அவருக்கு நன்றி சொல்வேன். உண்மையில் அவரிடமிருந்து என்ன வாங்கினேன் என்று ஒருநாளும் பிரித்துப் பார்த்ததில்லை. இப்போது கையும் இல்லை, குரலும் இல்லை. கேட்பதற்கு ஒரு வாக்கியத்தைக்கூட மனதுக்குள் முழுதாகக் கோக்க முடியவில்லை. பாதியில் அறுந்துவிடும். அப்படியானால் இப்போது என்னைத் தாங்கிக்கொண்டிருப்பது எது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இயந்திரம் என்று சொல்லலாம். ஆனால் இயந்திரத்துக்கு என்மேல் அக்கறை கிடையாது. சளியை உறிஞ்சி எடுக்க இரண்டு மணிக்கொருமுறை வந்த நர்ஸுக்கு இருந்தது. பார்வை நேரத்தில் வந்து என் காது பக்கம் உட்காரும் லில்லிக்கு இருந்தது.

அவள் உதடு அசைவதைப் பார்த்து, ஒருநாள் அட்டையில் எழுதிக் கேட்டேன்: “என்ன ஜெபம் பண்ற?”

“ஜெபமெல்லாம் ஒண்ணும் இல்ல. நீங்க இங்க படுத்திருக்கீங்கன்னு அவர்கிட்ட சொல்லிக்கிட்டிருக்கேன்.”

“சுகம் கேக்கலையா?”

“அது அன்னைக்கே கேட்டாச்சு. மனு குடுத்துட்டுத் தெனமும் போயி ஞாபகப்படுத்த அவரென்ன ஆபீசரா?” என்றாள். பிறகு என் வாயோரத்தைத் துடைத்துவிட்டு, “ஒங்க மேல எனக்குக் கோவம் இன்னும் போகல. அதையும் அவர்கிட்ட சொல்லிட்டேன்” என்றாள்.

பெலன் என்றால் நிரப்பி வைத்துக்கொள்ளும் தொட்டி என்று நான் அதுவரை நம்பியிருந்தேன். இந்த நோய் என்னை அப்படி நம்ப விடவில்லை. சேர்த்து வைக்க என்னிடம் இடமே இல்லை. அந்தந்த மூச்சு அந்தந்த நேரத்தில் வந்தது. பலவீனத்தில்தான் கடவுளின் பெலன் தெரியும் என்று எத்தனையோ பிரசங்கங்களில் தலையாட்டியிருக்கிறேன். படுத்துக் கிடந்தபோது அது தெரிந்துவிட்டது என்று சொன்னால் மறுபடியும் பொய் சாட்சியாகிவிடும். நான் பயந்தேன், அழுதேன், சில நேரம் அவர் இருக்கிறாரா என்றே கேட்டேன். ஆனால் என்னால் பிடித்துக்கொள்ள முடியாத நாட்களிலும் நான் விழுந்துவிடவில்லை. இதை இப்படித்தான் சொல்லத் தெரிகிறது.

குழாயை எடுத்த மறுநாள் பாஸ்டர் வந்தார். அவருக்கு லில்லி எல்லாம் சொல்லியிருந்தாள். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து வெகுநேரம் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

“நான் ஒங்கள அவசரப்படுத்திட்டேனா பிரதர்?”

“இல்ல பாஸ்டர். நீங்க ரெண்டு வார்த்த கேட்டீங்க. நான் ஒரு வார்த்தைய முழுங்கிட்டேன்.”

அவர் சிரிக்கவில்லை. மறுபடி சபை முன்னால் பேச வேண்டும் என்று நான் சொன்னபோது தயங்கினார். “பூரணமா சுகமானப்புறம் சொல்லலாமே. இப்ப சொன்னா விசுவாசிங்க கொழம்பிடுவாங்க.”

“பூரணம்னா எப்ப பாஸ்டர்? இது போகாமலே இருக்கலாம்னு டாக்டர் சொல்றாங்க. ரூபி அக்கா இன்சுலின நிறுத்திட்டா அதுக்கு யாரு பதில் சொல்றது?”

பாஸ்டர் எழுந்து போகும்போது, “வந்து சொல்லுங்க” என்று மட்டும் சொன்னார். அன்று மாலையே லில்லி ரூபி அக்காவுக்குப் போன் செய்தாள். ஊசியை விடவில்லை, ஆனால் விட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்ததாக அவர் சொன்னாராம்.

இதே நோயோடு இதை வாசிக்கிறவர்களுக்குச் சில சொல்ல வேண்டும். ஜெபியுங்கள், மாத்திரையும் போடுங்கள். ஒன்று மற்றொன்றுக்குப் போட்டி என்று உங்களுக்குத் தோன்றினால், அந்த எண்ணத்தை முதலில் மருத்துவரிடமோ வீட்டிலோ சொல்லிவிடுங்கள். வேறு எந்த நோய்க்கு எந்த மருத்துவரிடம் போனாலும் இந்த நோயின் பெயரை எழுதிக் காட்டுங்கள். நமக்கு ஆகாத மருந்துகள் உண்டு. முழுங்கக் கஷ்டமாக இருந்தால், மூச்சு வாங்கினால், காலையில் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். உங்களோடு இருப்பவர்களிடம் மறைக்காதீர்கள். உங்களைப் பற்றி அவர்கள் சொல்லும் பதிலை வைத்துத்தான் வைத்தியம் நடக்கும்.

இப்போது பாதி நாள் கடை திறக்கிறேன். முன்பெல்லாம் நாள் என்றால் ஷட்டர் திறப்பது முதல் மூடுவது வரை. இப்போது ஒரு நாளுக்குள், மாத்திரைக்கு ஒன்றாக, நாலைந்து சின்ன நாட்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் விடியல் உண்டு, சாயங்காலம் உண்டு. எதை முதலில் செய்வது என்று தினமும் தேர்ந்தெடுக்க வேண்டும். பேசினால் மெல்ல முடியாது, மெல்லும்போது பேசக் கூடாது. இதனால் எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் லில்லி மட்டும் பேசுகிறாள். நான் இத்தனை வருடம் கேட்காமல் விட்ட பலவற்றைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு பக்கெட்டைத் தூக்கும்முன் கையைப் பார்த்து, முடியுமா என்று கேட்கிறேன். சில நேரம் முடியாது என்கிறது. பழையபடி கோபம் வருவதில்லை. ஏன் முடியவில்லை என்று பார்க்கத்தான் தோன்றுகிறது.

வீடு திரும்பி இரண்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சபை முன்னால் போனேன். இந்த முறை எந்த நேரத்தையும் பார்த்து வைக்கவில்லை. அன்று பாட்டும் அறிவிப்பும் நீண்டுபோய், என் முறை வரும்போது மாத்திரை தேயும் நேரமாகிவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மைக்கைப் பிடித்தேன்.

“போன தடவ நான் முழு சுகம்னு சொன்னேன். அது பொய். மாத்திரை போட்டுக்கிட்டுத்தான் வந்து சொன்னேன். அப்புறம் அந்தப் பொய்யக் காப்பாத்த மாத்திரைய நிறுத்தினேன்.”

இவ்வளவுதான் வந்தது. அடுத்த வார்த்தை மூக்கில் கரகரத்து நின்றது. இமை இறங்கியது. நான் தலையைக் கையால் தாங்கிக்கொண்டேன்.

எங்கள் சபையில் மௌனம் என்று ஒன்று கிடையாது. யாராவது நிறுத்தினால் இன்னொருவர் ஸ்தோத்திரம் சொல்வார், கீபோர்டு எழும், மேளம் சேரும். கீபோர்டுக்காரர் கையை வைக்கப் போனார். பாஸ்டர் மைக்கை வாங்க எழுந்தார். பெண்கள் பக்கத்திலிருந்து லில்லி எழுந்து நின்றாள்.

“பாஸ்டர், இருங்க. அவரே சொல்வாரு. கொஞ்சம் நேரமாகும்.”

பாஸ்டர் நின்றார். பிறகு மேடையை விட்டு இறங்கி, முதல் வரிசைப் பாயில் ஜனங்களோடு உட்கார்ந்தார். மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. யாரும் கண்ணை மூடி ஜெபிக்கவில்லை. எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்: இறங்கிய இமையை, தொங்கிய வாயை, நான் மறைக்கப் பார்த்த எல்லாவற்றையும். எவ்வளவு நேரம் அப்படிப் போனது என்று தெரியவில்லை. எதற்கும் நேரம் குறிக்கும் நான் அன்று கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

கூட்டத்திலிருந்து ரூபி அக்காவின் குரல் வந்தது.

“மெதுவாச் சொல்லு தம்பி. நாங்க எங்கயும் போகல.”